உப்பில்லாத கடல்

போர்ட் வின்டனுக்குள் கார் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணிதான். அதற்குள்ளேயே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நவம்பர் மாதத்து வானம் ஒன்ராறியோ ஏரியின்மேல் ஈரக் கம்பளிபோல் தொங்கிக் கிடந்தது. பிரதான தெருவில் ஒருவரும் இல்லை. ஐஸ்கிரீம் கடையின் யன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். கோடையில் படகு வாடகைக்கு விடும் கொட்டிலின் கதவில், மே மாதம் சந்திப்போம் என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"ஒரு சனம் இல்லை," என்றாள் சீமோன். முன் இருக்கையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

"அவருக்கு உதுதானே பிடிக்கும்," என்றாள் மக்டலீன்.

அவர் என்றால் கிளிபோட். மக்டலீனின் கணவர். சென்ற வருஷம் இதே நவம்பரில், இந்த ஊரின் அலைதடுப்புச் சுவரிலிருந்து விழுந்து ஏரிக்குள் இறந்துபோனவர்.

கிளிபோட் கூரை வேலை செய்தவர். ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் முடிய ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வீடாக ஏறி இறங்குவார். குளிர் வந்து வேலை நின்றதும் இரண்டு மூன்று நாள் தனியாகப் புறப்பட்டுவிடுவார். உல்லாசப் பயணிகள் போய்விட்ட பிறகு பழைய ஏரிக்கரை ஊர்களில் சும்மா அலைவது அவருக்குப் பிடித்தமான காரியம். மூடிக் கிடக்கும் கடைகள், வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிக் கரையில் ஏற்றி வைத்த படகுகள், ஆளில்லாத கடற்கரை. மன்னாரில் பிறந்த மனிதருக்கு ஏரி என்ற சொல் வாயில் வராது. உப்பில்லாத கடல் என்றுதான் சொல்லுவார். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு ஊர் போனவர், கடைசி வருஷங்களில் போர்ட் வின்டனை விட்டு வேறெங்கும் போகவில்லை.

மக்டலீன் ஒருநாளும் கூட வருகிறேன் என்று கேட்டதில்லை. மல்வேர்னில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நவம்பரில் அவளுக்கு லீவும் கிடையாது. தனியப் போய்வந்தால்தான் மனம் ஆறுது என்று அவர் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். புருசனைச் சந்தேகப்படுகிற பெண்களைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் இரக்கப்படவும் செய்தாள்.

ஆண்டுத் திருப்பலி முடிந்த அன்றுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. அவர் வாடகைக்கு எடுத்துத் தங்கிய வீட்டில் ஒரு நாளாவது தங்க வேண்டும், அவர் விழுந்த இடத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும்.

"உனக்கென்ன விசரா?" என்று சீமோன் முதலில் கத்தினாள். "அந்த இடத்துக்கு ஏனடி? கோயில்ல கொளுத்து. அதைவிடப் பெரிய இடம் என்ன?"

சீமோன் யூனியன்வில்லில் ஒரு பல்வைத்தியரிடம் வரவேற்பாளராக இருந்தாள். கல்யாணம் ஒன்று நடந்து முறிந்தபின் தனியாகவே வாழ்பவள். கோயில் பாடகர் குழுவில் மக்டலீனுக்குப் பக்கத்தில் நின்று பாடியவள். மக்டலீனின் மகள் நடாஷாவுக்கு ஞானத்தாய். இந்த ஒரு வருஷமும் மக்டலீன் சோறு தின்றாளா, நித்திரை கொண்டாளா என்று பார்த்தது அவள்தான். அதனால் மக்டலீன் தனியாகப் போகிறேன் என்றதும், "அப்ப நானும் வாறன். உன்னைத் தனிய விடமாட்டன்" என்று கிளம்பிவிட்டாள்.

வீடு துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. பழைய மரவீடு, இரண்டு மாடி. எப்போதோ ஒரு கப்பல் கப்டன் கட்டியதாம். உரிமையாளர் வேறு ஊரில் இருந்தார். கதவுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியில் இலக்கங்களைத் திருப்பினால் திறப்பு கிடைக்கும். யாரும் யாரையும் பார்க்கத் தேவையில்லை.

உள்ளே பூட்டிக் கிடந்த வீட்டு மணம். பழைய மரம், ஈரக் கம்பளம், எலிமருந்து. மக்டலீன் இருட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

டக்கென்று விளக்கு எரிந்தது. சீமோன் கதவுக்குப் பின்னால், சட்டைகள் தொங்கவிடும் கொக்கிகளின் அடியில் ஒளிந்திருந்த சுவிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீ?"

"பழைய வீடுகள்ல இப்பிடித்தானே இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் பைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஊரைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்கள். அதாவது மக்டலீன் நடந்தாள், சீமோன் ஒரு அடி பின்னால் வந்தாள். செங்கல் தேவாலயம் ஒன்று, பழம்பொருள் கடை ஒன்று, காலியான ஹோட்டலின் நீண்ட விறாந்தையில் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கிய நாற்காலிகள். எல்லா வீடுகளிலும் திரைகள் இழுத்து மூடியிருந்தன. நடக்கும்போது தங்கள் சப்பாத்துச் சத்தமே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது.

இதிலெல்லாம் அவர் நடந்திருக்கிறார் என்று நினைத்தபோது மக்டலீனுக்கு நெஞ்சு நிறைந்தது. அழுகை வரவில்லை. அவர் தன்னிடம் காட்டாமல் வைத்திருந்த ஒரு அறைக்குள் கடைசியாக நுழைந்துவிட்டதுபோல் இருந்தது.

அலைதடுப்புச் சுவர் துறைமுகத்தின் வாயிலிருந்து ஏரிக்குள் நீண்டு போனது. அதன் நுனிக்குச் சற்று முன்னால் இரும்பு ஏணி ஒன்று. கோடையில் நீந்துகிறவர்களுக்காக வைத்தது. பருவம் முடிந்ததும் அதன் கீழ்ப்படிகளைக் கழற்றி விடுவார்கள். மிச்சப் படி நீர்மட்டத்துக்கு மேலே எட்டாத உயரத்தில் நின்றது.

பொலிஸ்காரர் ஒரு வருஷத்துக்கு முன்பு மெதுவான குரலில் அவளுக்குச் சொன்னது இந்தச் சுவரைப் பற்றித்தான். கிளிபோட் உடனே சாகவில்லை. சுவரில் ஏறக் கன நேரம் முயன்றிருக்கிறார். விரல் நகங்கள் எல்லாம் பிய்ந்து போயிருந்தன. கரையில் ஒரு ஆள் இருந்து உதவிக்குக் கூப்பிட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் இந்தப் பருவத்தில் இங்கே யார் இருக்கப்போகிறார்கள்?

மக்டலீன் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினாள். மறுபடி அணைந்தது.

"எத்தினை தரம் கத்தியிருப்பாரோ," என்றாள்.

சீமோன் சுவரின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டாள். அதற்குமேல் ஒரு அடியும் எடுத்து வைக்கவில்லை. "வா மக்டா, குளிருது. யாருமே இல்லாத இடத்தில ஆர் என்ன செய்யிறது? போவம் வா."

இந்த வார்த்தையைத்தான் அவள் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாருமே இல்லாத இடம். ஆர் என்ன செய்யிறது?

வீட்டுக்குத் திரும்பியபோது நன்றாக இருட்டிவிட்டது. மணி ஐந்துகூட ஆகவில்லை. யன்னலுக்கு வெளியே ஏரி தெரியவில்லை, அதன் சத்தம் மட்டும் கேட்டது. கற்களுக்கிடையில் தண்ணீர் உறிஞ்சி இழுபடும் சத்தம். சீமோன் கொண்டுவந்த இடியப்பத்தையும் மீன் சொதியையும் சூடாக்கி இருவரும் தின்றார்கள். தலையிடிக்குது, கொஞ்ச நேரம் படுக்கிறன் என்று சீமோன் மாடியறைக்குப் போனாள். கதவைப் பூட்டும் சத்தம் கீழே கேட்டது.

மக்டலீன் கோப்பைகளைக் கழுவினாள். பிறகு மாடிக்கு ஏறித் தன் அறைக் கட்டிலில் உட்கார்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினாள். நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் என்று உதடு சொல்லிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அந்த மணம் வந்தது.

கராம்பு.

சிகரெட்டை விட்ட நாளிலிருந்து கிளிபோட் வாயில் எப்போதும் ஒரு கராம்பு கிடக்கும். அவருடைய தலையணை, சட்டைக் கழுத்து, காரின் உள்பக்கம் எல்லாம் அந்த மணம்தான். அவர் போனபின் மெல்ல மெல்ல அது வீட்டை விட்டுப் போய்விட்டது. இப்போது, யாரோ வாயருகே வந்து மூச்சு விட்டதுபோல் அத்தனை தெளிவாக அடித்தது. அதற்கடியில் வேறொரு மணமும் இருந்தது. பாசி பிடித்த கல்லின் மணம்.

கீழே முன்கதவு திறந்தது.

மக்டலீன் அதைப் பூட்டியிருந்தாள். நன்றாக நினைவிருந்தது.

காலடிச் சத்தம். ஈரச் சப்பாத்துக்குள் தண்ணீர் பிதுங்கும் சத்தம். சளக். சளக். கூடத்தைக் கடந்து, படிக்கட்டின் அடியில் ஒரு கணம் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது.

அவளுக்குப் பயம் வரவில்லை. பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது அதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் வெட்கமாக இருந்தது. கல்யாணப் பெண்போல எழும்பி நின்றாள். கலைந்த தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கூட விட்டாள்.

"வாறீங்களோ?" என்று கிசுகிசுத்தாள்.

கதவைத் திறந்து வைத்தாள். மாடி நடைபாதையில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. ஆள் யாரும் இல்லை. ஆனால் படிகளின் மேல்முனையில், பலகைத் தரையில், ஈரமான ஒரு சப்பாத்துத் தடம் கறுப்பாக விரிந்தது. பிறகு இன்னொன்று. அவள் கண்முன்னே, ஒவ்வொன்றாக.

அவளை நோக்கி வந்தன.

அவள் கையை நீட்டினாள்.

தடங்கள் அவளைக் கடந்து போயின.

குளிர்ந்த காற்று ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு சென்றது. கராம்பு மணம் ஒரு கணம் அவளை மூடி, விலகியது. நடைபாதையின் கடைசிவரை போன தடங்கள் சீமோனின் அறைக் கதவின் முன்னால் நின்றன. அங்கே தண்ணீர் தேங்கத் தொடங்கியது.

கதவை யாரோ தட்டினார்கள். கையால் தட்டும் சத்தம் அல்ல. நகமில்லாத விரல் நுனிகள் மரத்தில் தடவுவதுபோன்ற, மிருதுவான சத்தம்.

"சிம்மி."

அது கிளிபோட்டின் குரல்தான். தண்ணீருக்குள்ளிருந்து வந்தது.

"சிம்மி. கையைத் தா."

சீமோனை உலகத்தில் யாரும் சிம்மி என்று கூப்பிட்டு மக்டலீன் கேட்டதில்லை. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் இருக்கவே அவள் மனம் ஒரு கணம் மிகவும் பாடுபட்டது. பிறகு, கொக்கிகளின் அடியில் ஒளிந்திருந்த சுவிச்சை நோக்கி நேராகப் போன கை நினைவுக்கு வந்தது. அதோடு எல்லாம் விளங்கிவிட்டது.

"இஞ்சருங்கோ," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "நான் இஞ்ச நிக்கிறன். இஞ்சால பாருங்கோ."

தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளை நோக்கி எதுவும் திரும்பவில்லை.

"சிம்மி. கையைத் தா."

கதவுக்கு உள்ளேயிருந்து சீமோன் அலறினாள். "மக்டா! அவரை உள்ள விடாதை! மாதாவே, விடாதை!"

மக்டலீன் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அந்தக் கதவருகே வந்தாள். தேங்கிய தண்ணீருக்குள் கால் பட்டதும் எலும்புவரை விறைத்தது.

"நீ வந்தனியா?" என்று கதவிடம் கேட்டாள். "போன வருஷம் நீயும் இஞ்ச நிண்டனியா?"

உள்ளே அழுகைச் சத்தம் மட்டும்.

"சொல்லு சீமோன். அவரோட நீ வந்தனியா?"

"ஓம்," என்றது உள்ளேயிருந்த குரல். "ஓம் மக்டா. ஓம்."

"எவ்வளவு காலமா?"

"நடாஷா கிறேட் ரென் படிக்கேக்க இருந்து."

பத்தாம் வகுப்பு. மகளுக்குப் பதினாறு வயது விருந்து நடந்த வருஷம். அந்த விருந்தில் சீமோன்தான் கேக் வெட்டக் கையைப் பிடித்தாள். கிளிபோட் படம் எடுத்தார்.

மக்டலீன் கதவுக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"அவர் விழேக்க நீ எங்க நிண்டனி?"

விரல்கள் மரத்தைத் தடவிக்கொண்டே இருந்தன.

"பக்கத்திலதான்," என்று சீமோன் விம்மினாள். "பாசியில சறுக்கிட்டார். சுவரைப் பிடிச்சுக்கொண்டு கையை நீட்டினவர். பிடிச்சால் நானும் விழுந்திடுவன் எண்டு பயந்தனான். கீழ படுத்துப் பிடிச்சிருக்கலாம். நான் பிடிக்கேல்லை."

"போன் இருந்ததுதானே? ஆரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"பொலிஸ் வந்தால் நான் ஏன் இஞ்ச நிக்கிறன் எண்டு கேப்பாங்கள். உனக்குத் தெரிய வந்திடும். நான் ஓடிட்டன் மக்டா. அவர் என்ர பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தவர். கார்க் கண்ணாடியை ஏத்திப்போட்டன்."

மறுநாள் பொலிஸ் மல்வேர்ன் வீட்டுக்கு வந்து செய்தி சொன்னபோது மக்டலீன் முதலில் கூப்பிட்டது சீமோனைத்தான். அவள் ஓடி வந்தாள். செத்தவீடு முடியும்வரை கூடவே கிடந்தாள். காய்ச்சலும் இருமலுமாக இருந்தாள். அந்தத் துயரத்துக்குள்ளும் மக்டலீன் எழும்பிப் போய் அவளுக்கு மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தாள். குடி, உனக்கும் ஏதும் வந்திடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஏரிக்கரைக் குளிர் வாங்கி வந்த காய்ச்சல் அது.

மக்டலீன் கதவின் முன்னால் இருந்த வெறுங்காற்றைப் பார்த்தாள். அங்கே நிற்கிறவரோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறாள். செத்த பிறகும் அவர் தன்னைக் கடந்து போய் இன்னொருத்தியின் கதவைத் தட்டுகிறார் என்பது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும், அந்த ஒரு கணம், அவள் மிகவும் தாழ்ந்துபோனாள்.

"என்ர கையைப் பிடியுங்கோ," என்றாள். "நான் தாறன். நான் விட்டுட்டு ஓடமாட்டன்."

கையை அந்தக் குளிருக்குள் நீட்டினாள்.

ஏதோ அதைப் பற்றியது.

ஊறிச் சுருங்கிய தோல். நகமில்லாத, மழுங்கிய விரல்கள். அவை அவள் உள்ளங்கையைத் தடவின. ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டு போயின. குருடர் ஒருவர் தெரிந்த முகத்தைத் தேடுவதுபோல. மோதிர விரலுக்கு வந்தன. கல்யாண மோதிரத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தன.

பிறகு அவள் கையை விட்டுவிட்டன.

கோபமில்லை. உதறவும் இல்லை. கடையில் எடுத்துப் பார்த்த சாமானைத் திரும்ப வைப்பதுபோல மெதுவாக விட்டன.

"சிம்மி," என்றது குரல் கதவிடம்.

மக்டலீன் பின்வாங்கினாள். அறைக்குப் போய்க் கார்த் திறப்பை எடுத்தாள். படியிறங்கினாள். உள்ளேயிருந்து சீமோன் அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள். முன்கதவு அகலத் திறந்து கிடந்தது. அவள் காரில் ஏறிக் கண்ணாடியை மேலே ஏற்றினாள்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போகலாம். யாருமே இல்லாத இடம். ஆர் என்ன செய்யிறது? யாரும் கேட்கப் போவதில்லை.

அப்போது வீட்டு வாசலில் சீமோன் தெரிந்தாள்.

வெறுங்காலோடு வந்தாள். வலது கை அவளுக்கு முன்னால் நேராக நீண்டிருந்தது. தெருவைக் கடக்க யாரோ கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைபோல, அந்தக் கை இழுத்த பக்கம் அவள் நடந்தாள். காரின் முன்விளக்கு வெளிச்சத்துக்குள் வந்து ஒரு தரம் மக்டலீனைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வெளிச்சத்தைக் கடந்து, பிளாஸ்டிக் சுற்றிய படகுகளுக்கிடையால், அலைதடுப்புச் சுவர்ப்பக்கம் போனாள்.

மக்டலீன் கதவைத் திறந்து பாய்ந்தாள்.

மன்னித்துவிட்டு ஓடவில்லை. அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு அப்போதும் இல்லை, பிறகும் வரவில்லை. ஒரு ஆள் தண்ணீருக்குப் போகும்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருக்கத் தன்னால் முடியாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஏணிக்குச் சற்று இந்தப் பக்கம் சீமோனை எட்டிப் பிடித்தாள். இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். நீட்டிய கை மட்டும் தண்ணீர்ப் பக்கமாக விறைத்து இழுபட்டது. மணிக்கட்டின் தோல் அமுங்கிக் குழிந்திருந்தது, விரல்கள் பதிந்த இடத்தில். பாசியில் இருவரும் சறுக்கினார்கள்.

"விடுறார் இல்லை," என்று சீமோன் பற்கள் அடிக்கச் சொன்னாள். "மக்டா, விடுறார் இல்லை."

கீழே, சுவரின் அடியில், கருந்தண்ணீர் உறிஞ்சி உறிஞ்சி இழுத்தது.

"இஞ்சருங்கோ," என்று தொடங்கினாள் மக்டலீன். இருபத்திரண்டு வருஷம் ஒருநாளும் பெயர் சொல்லாமல், மரியாதை குறையாமல் கூப்பிட்ட சொல். அதை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"டேய் கிளிபோட்!"

அலைச்சத்தம் நின்றதுபோல் இருந்தது.

"விடடா அவளை! நீ உயிரோட இருக்கேக்க செய்தது காணாதா? செத்தும் என்ர கண்ணுக்கு முன்னாலதான் இவளைக் கூட்டிக்கொண்டு போகப் போறியா? உனக்கு ஒரு வருஷமா நான் பூசை குடுத்தனான். ஒருக்காவது என்ர பேரைச் சொன்னியா? இண்டையோட உனக்கு நான் ஆருமில்லை. போ!"

சீமோனின் கை திடீரென்று தொய்ந்து விழுந்தது. இருவரும் பின்னால் சரிந்து கல்லில் விழுந்தார்கள். கராம்பு மணம் இல்லை. ஏரி மட்டும் தன் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

பைகளை எடுக்கக்கூட மக்டலீன் அந்த வீட்டுக்குள் போகவில்லை. சீமோனைப் பின் இருக்கையில் ஏற்றி, ஹீற்றரை முழுக்கத் திருப்பிவிட்டு, 401 நெடுஞ்சாலையைப் பிடித்தாள். சீமோன் மணிக்கட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு துடைத்தும் அது ஈரமாகவே இருந்தது.

யூனியன்வில்லில் அவளுடைய வீட்டின் முன் கார் நின்றது. அக்கம்பக்கத்து வீடுகளில் தொலைக்காட்சி வெளிச்சம். யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள்.

சீமோன் இறங்காமல் இருந்தாள். "மக்டா."

"இறங்கு."

"நடாஷாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை. அவள் என்னை வெறுத்திடுவாள். கையெடுத்துக் கும்பிடுறன்."

மக்டலீன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். ஒரு வருஷமாகத் தன் சமையலறையில் நின்ற முகம். அதில் இப்போதும் இருந்த பயம் இறந்தவருக்காகவோ மக்டலீனுக்காகவோ இல்லை, நடாஷாவுக்குத் தெரிந்துவிடுமே என்பதற்காகத்தான் என்பதை அவள் பார்த்தாள்.

"நீதானே அவளின்ர ஞானத்தாய்," என்றாள். "நீயே சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன். இனி என்ர வீட்டுப் படி ஏறாதை."

சீமோன் இறங்கிப் போனாள். வீட்டுக் கதவு சாத்தும்வரை மக்டலீன் காத்திருந்தாள். அந்த அளவுக்குத்தான் அவளால் முடிந்தது. பிறகு காரைத் திருப்பினாள்.

ஸ்டீல்ஸ் தெருவுக்கு வந்ததும் அழுகை வந்தது. ஒரு வருஷம் அவனுக்காக அழுதது எல்லாம் இப்போது அவமானமாகத் திரும்பி வந்தது. சிவப்பு விளக்கில் நின்று, வாய்விட்டு அழுதாள். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். விளக்கு பச்சையானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தாள்.

டிங்.

சீற் பெல்ற் போடச் சொல்லும் மணி. அவள் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். பெல்ற் போட்டுத்தான் இருந்தாள்.

டிங். டிங்.

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னியது. ஓட்டுநருக்கான விளக்கு அல்ல அது. பக்கத்து இருக்கையில் ஆள் ஏறி உட்கார்ந்து, பெல்ற் போடாமல் இருந்தால் எரிகிற விளக்கு.

மக்டலீன் காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். உள்விளக்கைப் போட்டாள். பக்கத்து இருக்கையில் ஒன்றும் இல்லை. கையால் அழுத்திப் பார்த்தாள். காய்ந்த துணி. வயர் ஏதும் பழுதாகியிருக்கும் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொன்னாள்.

டிங். டிங். டிங்.

எட்டி அந்தப் பக்கத்துப் பெல்றை இழுத்து, வெற்று இருக்கைக்குக் குறுக்கே கொண்டுவந்து, கொளுவினாள். மணி நின்றது. கார் அமைதியானது.

பெருமூச்சு விட்டுக்கொண்டு கியரில் கை வைத்தவள், இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

ஆளில்லாத இருக்கையில் பெல்ற் தட்டையாகப் படிந்து கிடக்க வேண்டும். அது படியவில்லை. முதுகுச் சாய்வை விட்டு ஒரு நெஞ்சின் தடிப்பளவு தள்ளி, இறுகி, வளைந்து நின்றது.